பழைய பிளாஸ்டிக் டாங்கி கிட்டுகள்: புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் தெருவில் அவர் வீட்டை 'சொல்தா வீடு' என்பார்கள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். ஹெல்லர் கம்பெனியின் சோமுவா எஸ்35 டாங்கிக் கிட், அதாவது பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல். 1/35 அளவு, நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு. அதை எதை வைத்து ஒட்டுவது, எந்த பெயின்ட் அடிப்பது என்று கேட்க அன்று எனக்கு ஆள் இல்லை. இப்போது முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, கடலூர் மஞ்சக்குப்பம் என்று பல இடங்களிலிருந்து ஆட்கள் பழைய பெட்டிகளோடு வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பழைய கிட் என்றால் எவ்வளவு பழையது?

கறாரான கணக்கு கிடையாது. 1960-களிலிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை அச்சு வெட்டப்பட்ட கிட்டுகளை நான் பழையவை என்பேன். நம் ஊரில் அதிகம் கண்ணில் படுபவை இவை: இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ், ஜப்பானின் டாமியா, இத்தாலியின் இடலேரி, பிரான்சின் ஹெல்லர். அமெரிக்காவின் மோனோகிராம் 1/32 அளவில் போட்டவை எப்போதாவது வரும்.

ஏர்ஃபிக்ஸும் மேட்ச்பாக்ஸும் டாங்கிகளை 1/76 அளவில் போட்டன. பொம்மை ரயில்காரர்கள் ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்திருந்த கணக்கிலிருந்து வந்த அளவு அது. ஒரு ஷெர்மன் டாங்கி அதில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேட்ச்பாக்ஸ் பெட்டியில் ஒரே கிட்டின் பாகங்கள் இரண்டு, மூன்று நிற பிளாஸ்டிக்கில் இருக்கும். டாங்கியை நிறுத்த ஒரு சின்ன நிலக்காட்சியும் கூடவே வரும்.

1/35 வந்த கதை வேறு. டாமியா முதலில் மர வியாபாரம் செய்த கம்பெனி. 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் பான்தர் டாங்கியை மோட்டாரோடு ஓடும் கிட்டாகக் கொண்டுவந்தார்கள். உள்ளே பேட்டரி, மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் அடங்க வேண்டும். அதற்கு எவ்வளவு பெரிய உடல் தேவைப்பட்டதோ அதுவே அளவானது. பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறத்தாழ 1/35 என்று வந்தது. இன்று உலகம் முழுக்க டாங்கி கட்டுகிறவர்களின் முதன்மை அளவு அதுதான். அந்தப் பெட்டியின் மேல் படம் வரைந்தவர் கொமாட்சுசாகி ஷிகெரு. அவர் ஓவியத்தைப் பார்த்தே கிட் வாங்கிய தலைமுறை ஒன்று ஜப்பானில் உண்டு.

பெட்டியின் அடியில் 1974 என்று இருக்கிறது. அப்படியென்றால் 1974-ல் தயாரானதா?

இல்லாமலும் இருக்கலாம். டாங்கியின் அடித்தட்டில் பொறித்திருக்கும் ஆண்டு பெரும்பாலும் அச்சு வெட்டிய ஆண்டு. அதே அச்சில் முப்பது வருடம் கழித்தும் பிளாஸ்டிக் ஊற்றுவார்கள். மேட்ச்பாக்ஸின் அச்சுகள் பிற்பாடு ரெவெல் கம்பெனியின் கைக்குப் போய் ரெவெல் பெட்டியில் வந்தன. பெட்டியில் பார்கோடு இருந்தால் 1980-களோ அதற்குப் பிறகோ வந்த பெட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். ஏர்ஃபிக்ஸ் கிட், மேலே காகிதம் மடித்துப் பின் அடித்த பாலிதீன் பையில் இருந்தால் நல்ல பழையது.

பரணில் இருந்து பிரிக்காத கிட் கிடைத்திருக்கிறது. கட்டலாமா, அப்படியே வைத்திருக்கலாமா?

கட்டுங்கள். பிரிக்காமல் வைத்தால் விலை ஏறும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் நம் கடற்கரைக் காற்றில் பெட்டி உப்பும், டெக்கால் (எண்ணும் சின்னமும் அச்சிட்ட, தண்ணீரில் நனைத்து ஒட்டும் தாள்) மஞ்சளாகும், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி அந்தச் சக்கரத்தையே தின்னும். மூடிய பெட்டிக்குள் இருப்பது பத்திரமாக இருக்கிறது என்பது நாமே வைத்துக்கொள்ளும் நம்பிக்கை.

இன்னொரு காரணமும் உண்டு. கிட் என்பது பாதி செய்த பொருள். மீதிப் பாதியை வாங்குகிறவர் செய்ய வேண்டும் என்றுதான் அச்சு வெட்டியவர் உங்களிடம் விட்டிருக்கிறார். ஐம்பது வருடம் முன்னால் டாமியாவின் ஊரான ஷிசுவோகாவில் யாரோ ஒருவர் எஃகில் கையால் செதுக்கிய போல்ட் தலைகள் இன்று உங்கள் பிரஷ் பட்டுத் தெரிய வேண்டும்.

பெட்டியையும் வழிமுறைத் தாளையும் மட்டும் தூக்கி எறியாதீர்கள். தாளை முதலில் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பில் கிழியும் பழைய காகிதம், நாலு முறை பிரித்தால் நாலு துண்டாகிவிடும்.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை என்ன?

பாகங்களை எண்ணுங்கள். பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை ஸ்ப்ரூ என்போம். ஒவ்வொரு ஸ்ப்ரூவையும் தாளோடு ஒப்பிட்டு, உடைந்து அடியில் கிடக்கும் துண்டுகளை ஒரு ஜிப் பையில் போடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து பிளாஸ்டிக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பசை இன்னும் அதில் இருக்கும். அதன் மேல் பெயின்ட் நிற்காது. தொட்டியில் நேரடியாகக் கழுவ வேண்டாம், வடிகட்டி வைத்துக் கழுவுங்கள். ஒரு ஹெட்லைட் சாக்கடைக்குள் போய்விட்டால் 1972-ன் ஹெட்லைட்டை எங்கே தேடுவது?

மெல்லிய பாகம் வளைந்திருந்தால் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில் முக்கி, மெதுவாக நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விடுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும்.

சக்கரங்கள் உருகி, சங்கிலி அதில் ஒட்டிக்கிடக்கிறது. வெயிலாலா?

வெயில் மட்டும் காரணமில்லை. டாங்கியின் உடலும் சக்கரமும் பாலிஸ்டைரீன். கறுப்புச் சங்கிலி வினைல். வினைல் இயல்பில் விறைப்பானது. அது வளைந்து கொடுக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் கசிந்து, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. சூடு அதை வேகப்படுத்தும். அதனால்தான் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் கிடந்த பெட்டிகளில் இந்தச் சேதம் அதிகம். எண்ணெய் போன சங்கிலி காய்ந்து, வளைத்தால் பட்டென்று ஒடியும். உருகிய சக்கரமும் ஒடியும் சங்கிலியும் ஒரே நோயின் இரண்டு முகம்.

பழைய கிட் வீட்டுக்கு வந்த அன்றே சங்கிலியை எடுத்துத் தனி பாலிதீன் பையில் போட்டுவிடுங்கள். பெட்டியை ஆறு மாதம் கழித்துத்தான் திறப்பேன் என்றாலும் இந்த ஒரு வேலையை இன்றே செய்யுங்கள்.

உருகிய சக்கரம் ஒன்றிரண்டு என்றால், பள்ளத்தைப் பட்டி மாவால் நிரப்பித் தேய்த்து, அந்த இடம் தரையைப் பார்க்கும்படி ஒட்டலாம். சங்கிலி ஒடிந்திருந்தால் துண்டுகளைத் தனித்தனியாகச் சக்கரத்தின் மேல் பதித்து, ஒடிந்த இடத்தைச் சேற்றாலும் மட்கார்டாலும் மறைக்கலாம். கட்டி முடித்த பிறகும் வினைல் தன் வேலையை நிறுத்தாது. சக்கரத்துக்கு நல்ல கனமாக பெயின்ட் அடித்தால் தாமதமாகும், முழுவதும் நிற்காது. மனசுக்கு ரொம்பப் பிடித்த மாடல் என்றால் வெள்ளை உலோகத்தில் வார்த்த சங்கிலியோ, கண்ணி கண்ணியாக ஒட்டும் பிளாஸ்டிக் சங்கிலியோ தனியாக வாங்கிப் போடுங்கள்.

சங்கிலியின் இரண்டு முனைகளை இணைக்கப் பழைய தாள்களில் ஸ்க்ரூடிரைவரைச் சூடாக்கி முளைகளை அழுத்தச் சொல்லியிருப்பார்கள். இன்று அந்த வினைல் இருக்கும் நிலையில் அது வேண்டாம். மெல்லிய மீன்பிடி நரம்பால் தைத்து, முடிச்சு உள்பக்கம் வரும்படி விடுங்கள். தேங்காய்த்திட்டு துறைமுகப் பக்கம் வலை சாமான் விற்கும் கடைகளில் எல்லாத் தடிமனிலும் நரம்பு கிடைக்கும்.

ஃபெவிகுவிக் போதாதா?

சில இடங்களுக்குப் போதும், எல்லா இடத்துக்கும் அல்ல. பிளாஸ்டிக் சிமென்ட் என்று விற்கும் திரவம் உண்மையில் ஒட்டுவதில்லை. இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. காய்ந்த பிறகு அங்கே இணைப்பு என்று ஒன்றே இருக்காது. டாமியாவின் மெல்லிய சிமென்ட் புட்டி ஒன்று மூடிக்குள் சின்ன பிரஷோடு வரும். ஒரு புட்டி நாலைந்து டாங்கிக்கு வரும். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் விளிம்பைத் தொட்டால் போதும், திரவம் தானாக உள்ளே ஓடும்.

ஃபெவிகுவிக் உலோகத்துக்கும் உடைந்த பாகத்துக்கும் நல்லது. காற்றில் ஈரம் இருந்தால் அது வேகமாகப் பிடிக்கும். நம் ஊரில் திருத்திக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைக்காது. அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியவும் செய்யும். ஃபெவிகால் பாலிஸ்டைரீனை நிரந்தரமாக ஒட்டாது. ஆனால் பெயின்ட் அடிக்கும்வரை மூடியைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும், கண்ணாடி பாகங்களுக்கும் அருமையானது. பெட்டிக்குள் கிட்டோடு வந்த பழைய டியூப் பசையைத் திறக்கவே வேண்டாம்.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். சிமென்ட்டும் தின்னரும் மூச்சுக்கு ஆகாதவை.

இணைப்புகளில் இடைவெளி தெரிகிறது. எதை வைத்து அடைப்பது?

தேய்ந்த அச்சில் வந்த கிட்டுகளில் இது சகஜம். அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கி, பாதி காலியான சிமென்ட் புட்டியில் போட்டு இரண்டு நாள் வைத்தால் கூழாகும். அதைத் தடவினால் அதே பிளாஸ்டிக், அதே கடினம். அடுத்தது ஃபெவிகுவிக்கோடு முகப் பவுடர். அரை மணியில் தேய்த்துவிட வேண்டும், மறுநாள் கல்லாகிவிடும். பெரிய பள்ளத்துக்கு எம்சீல்.

எம்சீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஜெர்மன் டாங்கிகளில் 1943 பிற்பகுதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை, காந்த வெடி ஒட்டாமல் இருக்க ஒருவகைப் பூச்சு பூசினார்கள். சிம்மரிட் என்று பெயர். எம்சீலை ஈரக் கையால் மெல்லிசாகப் பரப்பி, சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் வரிவரியாக அழுத்தினால் அதே தோற்றம் வரும். அது இறுகுவதற்குள் ஒரு பக்கத்தை முடித்துவிட வேண்டும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையுங்கள்.

அடித்தட்டில் மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் ஓட்டைகள் இருக்கின்றன. அடைக்க வேண்டுமா?

பார்வைக்கு வைக்கும் மாடல் என்றால் பிளாஸ்டிக் தகடு வெட்டி அடைக்கலாம். சங்கிலிக்கு மேலே உடலின் பக்கவாட்டு அடிப்பகுதி பல பழைய டாமியாக்களில் திறந்தே இருக்கும். அதையாவது மூடுங்கள், ஏனென்றால் பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே வெளிச்சம் தெரியும். அடித்தட்டு ஓட்டைகளை நான் இப்போதெல்லாம் அடைப்பதில்லை. ஒரு காலத்தில் இது தரையில் ஓடி, தலையணை ஏறி, சிறுவர்களை மகிழ்வித்தது என்பதற்கு அது அடையாளம். மோட்டார் இருந்து பேட்டரி கசிந்திருந்தால் பச்சை பிடித்த தகட்டை வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, தண்ணீரால் துடைத்து, உலரவிடுங்கள். பல மோட்டார்கள் உயிரோடுதான் இருக்கின்றன.

டெக்கால் மஞ்சளாகிவிட்டது. தண்ணீரில் போட்டால் நொறுங்குமா?

தேவைப்படாத ஒரு எண்ணை வெட்டித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நொறுங்கினால் மீதித் தாளின் மேல் கிளியர் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள். மஞ்சளுக்கு மருந்து சூரியன். தாளை ஜிப் பையில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுங்கள். மாசி, பங்குனியில் சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். ஐப்பசியில் முயல வேண்டாம், பைக்குள் ஈரம் சேர்ந்தால் பசை கரைந்து தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும்.

டெக்காலை மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மின்னும். முதலில் கிளாஸ், பிறகு டெக்கால், கடைசியில் மேட். மேடு பள்ளத்தில் படிய வைக்க மைக்ரோ சால் போன்ற திரவம் உதவும். பழைய தடித்த டெக்காலுக்கு அதை இரண்டு, மூன்று முறை தொட்டு வைக்க வேண்டியிருக்கும்.

எந்த பெயின்ட்? நம் ஊர் ஈரத்துக்கு எது சரிப்படும்?

பிரஷ் என்றால் ஹம்ப்ரால் எனாமல் இன்னும் எனக்குப் பிடித்தது. மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடுகள் தானாக அமுங்கும். சாதாரண நாளில் ஒரு இரவு. மழைக்காலத்தில் இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். டர்பண்டைனில் கலக்கலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை மட்டும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பாகமே இளகிப் போகும்.

அக்ரிலிக் வேண்டுமென்றால் வயெஹோ பிரஷுக்கு நல்லது. டாமியா அக்ரிலிக், காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷில் அற்புதம், பிரஷில் அடித்தால் முதல் பூச்சை இரண்டாம் பூச்சு இழுத்துக்கொண்டு வரும். கத்திரி வெயிலில் அக்ரிலிக் பிரஷ் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. ஈரத் துணி மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் பெயின்ட் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் தாங்கும்.

இப்போது ஈரத்தைப் பற்றி. என்னிடம் வரும் மாடல்களில் அதிகம் கெட்டுப்போவது கடைசி மேட் பூச்சில்தான். ஸ்ப்ரே கேனில் வரும் மேட் வார்னிஷில் இருக்கும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பு குளிரும். காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படியும். விளைவு, பால் ஊற்றியது மாதிரி வெள்ளைப் புகை. மூன்று மாதம் உழைத்த டாங்கி ஒரு நிமிடத்தில் போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் ஸ்ப்ரே கேனைத் தொடுவதே இல்லை. மற்ற மாதங்களிலும் காலை பத்து மணிக்கு மேல், கடல் காற்று ஏறுவதற்கு முன் அடித்து முடிக்கிறேன். ஏற்கெனவே வெள்ளை படிந்துவிட்டால், வறண்ட நாளில் அதே வார்னிஷை மெல்லியதாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். பல நேரம் சரியாகிவிடும்.

ஏர்பிரஷ் கட்டாயமா?

இல்லை. 1970-களில் இந்தக் கிட்டுகளைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் பிரஷ்தான் பிடித்தார்கள்.

யாரோ கட்டி, கெட்டியாக பெயின்ட் அடித்த பழைய மாடல் கிடைத்தது. காப்பாற்ற முடியுமா?

முடியும், எனக்கு மிகப் பிடித்த வேலையும் அதுதான். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஒரு மூடியுள்ள டப்பாவில் ஊற்றி மாடலை மூழ்க விடுங்கள். ஒரு நாள் கழித்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் பெயின்ட் உரிந்து வரும். முக்கியம்: முதல் அலசல் டெட்டாலிலேயே இருக்கட்டும். தண்ணீர் பட்டால் உரிந்த பெயின்ட் தார் மாதிரிப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் முழுக்கப் போன பிறகு சோப்பும் தண்ணீரும். கையுறை போடுங்கள்.

ஃபெவிகுவிக்கில் ஒட்டியிருந்தால் மாடலை ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள், பசை நொறுங்கி விடும். சிமென்ட்டில் ஒட்டியது பிரியாது. அதைப் பிரிக்கப் போனால் உடைப்பீர்கள்.

ஜெர்மன் டாங்கிக்கு சாம்பலா, மஞ்சளா?

1943 பிப்ரவரியில் உத்தரவு மாறியது. அதுவரை கருஞ்சாம்பல்; அதன்பின் அடி நிறம் மங்கிய மஞ்சள், மேலே பச்சையும் செம்பழுப்பும் படையினரே தெளித்துக்கொண்டார்கள். டாமியாவில் சாம்பலுக்கு எக்ஸ்.எஃப்.-63, மஞ்சளுக்கு எக்ஸ்.எஃப்.-60, அமெரிக்க ஆலிவ் பச்சைக்கு எக்ஸ்.எஃப்.-62. எதையும் புட்டியில் இருப்பது போலவே அடிக்காதீர்கள். 18 சென்டிமீட்டர் பொருளில் அந்த நிறம் நிஜத்தைவிட இருட்டாகத் தெரியும். மஞ்சள் கலந்த வெள்ளை கொஞ்சம் சேருங்கள்.

அடி நிறம் காய்ந்ததும் ஆயில் பெயின்ட்டில் பழுப்பை டர்பண்டைனில் தண்ணியாகக் கரைத்து இடுக்குகளில் ஓடவிடுங்கள். இதை வாஷ் என்போம். அப்புறம் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் மேடுகளில் வெளிர் நிறத்தை உரசுங்கள். பழைய கிட்டுகளில் போல்ட்டும் வெல்டிங் கோடும் கொஞ்சம் தூக்கலாகவே வெட்டியிருப்பார்கள்; இந்த இரண்டு வேலைக்கும் அவை அழகாகப் பதில் சொல்லும்.

அண்ணா, இந்திய டாங்கி ஒன்று கட்ட ஆசை. பழைய கிட்டில் எதை எடுக்கலாம்?

தம்பி, டாமியாவின் 1/35 சென்சூரியனை எடுங்கள். 1965, 1971 இரண்டு போர்களிலும் நம் பக்கம் நின்ற டாங்கி. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் பரம்வீர் சக்ரா பெற்ற செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் இருந்தது 'ஃபமகுஸ்தா' என்ற பெயர் கொண்ட சென்சூரியனில். பூனா ஹார்ஸ் படைப்பிரிவு. கிட்டில் வருவது மார்க் 3 என்ற ரகம். பீரங்கிக் குழாயின் நடுவில் புகை நீக்கும் உருளை இருக்கிறதா இல்லையா என்பதைப் படங்களோடு ஒப்பிட்டு, தேவையானால் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகிச் செய்துகொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கம் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கி. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில், தண்ணீர் பாய்ச்சிய வயல்களில் பாட்டன்கள் சிக்கின. நம் படை கரும்புக் கொல்லைகளில் மறைந்திருந்து சுட்டது. இடலேரியின் எம்47 அதற்குப் பொருந்தும். டாமியாவின் எம்48ஏ3 டீசல் எஞ்சின் வண்டி, பின்பக்க மேல்தட்டு 1965-ன் பெட்ரோல் வண்டியிலிருந்து வேறுபடும்.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் காட்சியை மற்ற யாரையும்விட நன்றாகச் செய்வார்கள். பத்தடிக் கரும்பு 1/35-ல் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். பாட்டனின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. அதாவது கொல்லைக்குள் டாங்கி முழுசாக மறையும். தண்டுக்குத் தென்னை ஈர்க்கின் மெல்லிய நுனி, தோகைக்கு பெயின்ட் அடித்த காகிதக் கீற்று. கணுவுக்கு ஒரு புள்ளி வெளிர் நிறம் வைத்தால் போதும்.

என் தாத்தா இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்தார். அவர் நினைவாக எதைக் கட்டலாம்?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் சைகோன் போய் வந்த ஒரு தாத்தா உண்டு. அவர்களுக்கு நான் எம்24 சாஃபி டாங்கியைச் சொல்கிறேன். அமெரிக்கத் தயாரிப்பு, பிரெஞ்சுப் படை இந்தோசீனாவில் பயன்படுத்தியது. வியட்நாமில் பிரெஞ்சுப் படை தளம் அமைத்த தியன் பியன் பூவுக்குச் சாலை வழி இல்லாததால் பத்து சாஃபிகளைப் பிரித்து விமானத்தில் கொண்டுபோய் அங்கேயே பூட்டினார்கள். முற்றுகை 1954 மார்ச் 13-ல் தொடங்கி மே 7-ல் முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பழைய இடலேரி சாஃபி நல்ல கிட். பாகங்கள் கச்சிதமாகச் சேரும். அந்தப் பத்து டாங்கிக்கும் பெயர் வைத்திருந்தார்கள். பசேய், துவோமோன் போன்ற பழைய போர்க்களங்களின் பெயர்கள். கிட்டில் அந்த எழுத்துகள் வராது, வெள்ளை பெயின்ட்டில் மெல்லிய பிரஷால் எழுதுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, அங்கேயும் கையால்தான் எழுதினார்கள். தாத்தாவின் படம், பதக்கம், ஓய்வூதியப் புத்தகம் இருந்தால் அவற்றோடு ஒரே கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். ஒரு குடும்பம் அப்படி வைத்திருப்பதைப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் முதல் தடவையாக இந்தோசீனாவைப் பற்றிக் கேட்டார்கள் என்று அந்த வீட்டு அம்மா சொன்னார்.

சேறு, தூசிக்கு நம் ஊர் மண்ணைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் கடற்கரை மணல் வேண்டாம். அரை மில்லிமீட்டர் மணல்துகள் 1/35-ல் முக்கால் அங்குலக் கல்லுக்குச் சமம். போதாததற்கு உப்பு ஈரம் இழுக்கும். வானூர்ப் பக்கத்துச் செம்மண்ணையோ கேப்பர் மலை மண்ணையோ வெயிலில் காயவைத்து, அம்மியில் பொடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தால் மாவு மாதிரித் தூள் கிடைக்கும். டர்பண்டைனில் குழைத்துத் தடவி, காய்ந்ததும் பிரஷால் தட்டிவிடுங்கள்.

எல்லா டாங்கிக்கும் இந்தச் சிவப்பு ஒத்துவராது. வியட்நாம் மேட்டுநிலத்து வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும். பஞ்சாப் என்றால் சாம்பல் பழுப்பு வேண்டும். தென்பெண்ணை ஆற்று வண்டலைச் சலித்துப் பாருங்கள்.

ஆன்டெனாவுக்கு ஸ்ப்ரூ துண்டை அகல் விளக்குச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுங்கள். தலைமுடி அளவுக்கு இழை வரும்.

என் மகனுக்கு 11 வயது, ரொம்ப ஆர்வமாக இருக்கிறான். கொடுக்கலாமா சார்?

கொடுங்கள் அம்மா, ஆனால் பழைய கிட்டில் தொடங்க வேண்டாம். பாகம் சேராமல் போனால் தன் கைதான் சரியில்லை என்று குழந்தை நினைத்துக்கொள்வான். முதலில் இப்போது வருகிற எளிய கிட் ஒன்று, அக்ரிலிக் பெயின்ட். கத்தி வேலையும் சிமென்ட்டும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூன்றாவது கிட்டாக ஒரு 1/76 மேட்ச்பாக்ஸ் கொடுங்கள். நிறப் பிளாஸ்டிக் என்பதால் பெயின்ட் இல்லாமலே நன்றாக இருக்கும்.

எங்கே கிடைக்கும்?

பிரான்சில் உறவினர் உள்ள வீடுகளில் முதலில் கேளுங்கள். ஹெல்லர் பெட்டிகள் இன்னும் பீரோ மேல் இருக்கின்றன. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது. இணையத்தில் வாங்கினால் ஸ்ப்ரூக்களைத் தனித்தனியாகப் படம் கேளுங்கள். பெட்டிப் படத்தை மட்டும் நம்பி நான் வாங்கிய ஒரு சீஃப்டன் டாங்கிக் கிட்டில் டரட்டின் (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு) கீழ்ப்பாதியே இல்லை.

கட்டியதை எப்படிப் பாதுகாப்பது?

கண்ணாடி அலமாரி, நேர் வெயில் படாத சுவர், வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பூச்சி வராமல் இருக்கப் பாச்சை உருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. டாங்கி இருக்கும் அலமாரியில் அதைப் போடவே கூடாது. அந்த ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும்.

கட்டாத பெட்டிகளைத் தரையிலும் பரணிலும் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, பரணில் இருந்த ஒன்பது பெட்டிகள் நனைந்தன. பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டெக்கால் தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயின, பெட்டிப் படங்கள் உரிந்து வந்தன. அதற்குப் பிறகு டெக்காலையும் வழிமுறைத் தாளையும் எடுத்து, கிட் பெயர் எழுதிய ஜிப் பைகளில் போட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அலமாரியின் நடுத்தட்டில் வைக்கிறேன். பெரியப்பா கொடுத்த சோமுவாவின் தாளும் அதில்தான் இருக்கிறது, ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய விலையோடு.